மலை இறங்கும் காருக்கு பிரேக் பேட் மட்டும் போதாது

கேமரன் மலைத் தோட்டங்களில் கார் வைத்திருக்கும் சிலர் பிரேக் பேட்டைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். பட்டறைக் கூலி மிச்சம்; தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ காத்திருக்கும் நேரமும் மிச்சம். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய வேலையும் அல்ல. ஆனால் புது பேட் போட்ட காரும் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். அதற்குக் காரணம் பழைய பிரேக் எண்ணெய்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு வளைவுகள்தாம். 1,000 கிலோ எடையுள்ள கார் 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் தாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், மீதி வெப்பம் டிஸ்க்கிலும் பேட்டிலும் ஏறும். அங்கிருந்து எண்ணெய்க்கும் போகும்.

எண்ணெயில் தண்ணீர் எப்படிச் சேர்கிறது?

நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. தொட்டி மூடி வழியாகவும் ரப்பர் குழாய் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

தர விதிப்படி, புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். டாட் 4 எண்ணெய்க்கு 230. எண்ணெயில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்தக் குறைந்தபட்ச அளவு முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் எண்ணெய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். காலால் கொடுக்கும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பிரேக் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. ஆறிய பிறகு பிரேக் மீண்டும் பிடிக்கும் என்பதால், பட்டறையில் பார்க்கும்போது கோளாறு தெரியாமலும் போகலாம்.

எனவே பேட் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது. கார் கையேடு அதைவிடக் குறைந்த காலம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பேட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

• சரிவான வாசலில் வேலை செய்யாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

• பேட்டின் தேயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

• கழற்றிய கேலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

• பிஸ்டனை உள்ளே தள்ளும்போது தொட்டியில் எண்ணெய் மேலேறும். வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பேட்டிலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படக்கூடாது.

• வேலை முடிந்ததும் காரை நகர்த்துவதற்கு முன், மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

எண்ணெயைக் கையாளும்போது

தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். எஞ்சின் எண்ணெயோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயோ கலந்தால் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். டாட் 5 சிலிகான் வகை. அதை டாட் 3, டாட் 4 வகைகளுடன் கலக்கக்கூடாது. பல மாதங்களுக்கு முன் திறந்த புட்டியில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள்.

பிரேக் எண்ணெய் நஞ்சு. மினரல் தண்ணீர் புட்டியில் ஊற்றி வைத்தால், பிள்ளைகள் தெரியாமல் குடித்துவிடும் அபாயம் உண்டு. கார் சாயத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். பழைய எண்ணெயைக் கால்வாயிலோ தேயிலைக்கு நடுவிலோ கொட்டாமல் பட்டறையில் ஒப்படையுங்கள். கால்வாய் நீர் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது.

பேட்டை வீட்டில் மாற்றலாம். எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்கும் வேலையை, அதிலும் ஏபிஎஸ் உள்ள காரில், பட்டறைக்கு விடுவதே நல்லது. குழாயில் சிறு காற்றுக் குமிழி தங்கினாலும் மிதி பஞ்சுபோல் ஆகிவிடும். அப்படி இருக்கும் காரில் மலை இறங்கவே கூடாது.

இறங்கும்போது

2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி கெந்திங் மலைச் சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்தனர். மலை இறக்கத்தில் ஒரு தவறு எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு அது சாட்சி. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோ காராக இருந்தால் '2' அல்லது 'எல்' நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிராமல், வேகத்தைக் குறைக்க ஒருமுறை நன்றாக அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். எரிந்த வாடை வந்தாலோ மிதி கீழே இறங்கினாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். மிதி பழைய நிலைக்கு வந்தாலும், பட்டறையில் எண்ணெயை மாற்றாமல் அடுத்த இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் காரில் பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? நினைவில்லை என்றால், தீபாவளிக்கு ஊருக்கு இறங்கும் முன்பே மாற்றிவிட்டு, தேதியை ஒரு தாளில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.