வீட்டைப் போர்த்தினால் வரி குறையும்

நம் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "காற்று வருமா?" என்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலோ, "காற்று புகாமல் இருக்குமா?" என்றே கேட்கிறார்கள். மாசி பிறந்தும் உறைபனி உருகாத அப்பிரதேசத்தில், கதவிடுக்கில் நுழையும் ஒரு விரற்கடைக் காற்றுக்கும் விலை உண்டு. எண்ணெயோ எரிவாயுவோ எரித்து வீட்டுக்குள் உண்டாக்கிய சூடு, கூரை வழியாகவும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் வழியாகவும் ஓயாமல் வெளியேறிக் கொண்டிருக்கும். அதற்குரிய பில் மட்டும் மாதந்தோறும் தவறாமல் உள்ளே வரும்.

இந்தக் கசிவை அடைப்பதற்கு அந்நாட்டு சர்க்கார் கையாண்ட கருவி வரிச் சட்டமாகும். 1973-ஆம் வருஷத்தில் அராபிய நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தவே, சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், கம்பளி மேற்சட்டை அணிந்து கணப்படுப்பின் பக்கத்தில் அமர்ந்தபடி டெலிவிஷனில் ஜனங்களிடம் பேசினார். வீட்டின் சூட்டைப் பகலில் 65 டிகிரி, இரவில் 55 டிகிரி பாரன்ஹீட் என்ற அளவில் வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டார். உபதேசம் மட்டும் போதாதென்று, 1978 நவம்பரில் ஒரு சட்டமும் வந்தது. வீட்டுக்கு வெப்பக் காப்பு இடுதல், இடுக்குகளை அடைத்தல் முதலியவற்றுக்குச் செலவிடும் முதல் 2,000 டாலரில் 15 சதவிகிதத்தை, அதாவது 300 டாலர் வரையில், செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக் கொள்ளலாம் என்றது அச்சட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வருமானத்திலிருந்து கழிப்பது வேறு, வரியிலிருந்து கழிப்பது வேறு. நாம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் போடும் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் பரண்மேல் கண்ணாடி நார்ப் போர்வை விரிப்பதற்கு 2,000 டாலருக்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அத்தொகையை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தால், 12 சதவிகித வரி கட்டும் குடும்பத்துக்கு மிச்சம் 240 டாலர். 2022-ஆம் வருஷத்துச் சட்டமோ 30 சதவிகிதத்தை வரியிலிருந்தே கழிக்கச் சொன்னது. 4,000 டாலர் வரி கட்ட வேண்டியவர் 600 டாலரைக் கழித்து 3,400 கட்டினால் போதும்.

ஆனால் 200 டாலர் மாத்திரமே வரி கட்ட வேண்டிய ஏழைக் குடும்பத்தின் கதி என்ன? அக்குடும்பத்துக்கு 200 டாலரே கிடைக்கும். மீதி 400 டாலரை ரொக்கமாகவும் தரமாட்டார்கள், அடுத்த வருஷத்துக்குக் கொண்டு செல்லவும் விடமாட்டார்கள். வரியே கட்டும் நிலையில் இல்லாதவருக்கு ஒரு காசும் இல்லை. பழைய வீட்டில், ஓட்டைச் சன்னலுக்குத் துணி அடைத்துக் கொண்டு குளிர்காலத்தைத் தள்ளுகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், சலுகை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும். வாடகை வீட்டுக்காரர் நிலை இன்னும் விசித்திரம். தாம் குடியிராத வீட்டுக்குச் செலவிட்ட சொந்தக்காரருக்குச் சலுகை கிடைக்கவில்லை. குடியிருப்பவர் தம் பணத்தைப் போட்டால் சிலவகை வேலைகளுக்கு மட்டும் இருந்தது. ஆனால் பிறர் வீட்டைத் தம் செலவில் செப்பனிட்டுக் கொடுக்கும் தருமவான் எத்தனை பேர்?

ஏழைகளை அடியோடு மறந்து விட்டார்கள் என்று சொல்வதும் நியாயமன்று. அவர்கள் வீடுகளைச் சர்க்கார் செலவிலேயே செப்பனிடும் திட்டமொன்று 1976 முதல் இருந்து வருகிறது. எனினும் அது ஒதுக்கிய மானியம் உள்ளவரைக்கும் நடப்பது. தகுதி இருந்தாலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வரிச் சலுகையோ வரி கட்டுகிறவருக்கு உரிமையாகக் கிடைத்தது.

சலுகையின் சரித்திரமும் சீரானதன்று. 1978-இல் வந்தது 1985 முடிவோடு காலாவதியாயிற்று. 1979-இல் கார்ட்டர் தம் மாளிகைக் கூரைமேல் அமைத்த, வெயிலால் வெந்நீர் காய்ச்சும் 32 பலகைகளையும் 1986-இல் இறக்கி விட்டார்கள். பிறகு 2005-ஆம் வருஷத்துச் சட்டம் 10 சதவிகிதம், ஆயுளுக்கு மொத்தம் 500 டாலர் என்று மறுபடி ஆரம்பித்தது. 2008-இல் இல்லை, 2009, 2010-இல் 30 சதவிகிதம், 1,500 டாலர் வரை, 2011-இல் மீண்டும் பழைய 10 சதவிகிதம். காங்கிரஸ் (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியல்ல, சட்டசபை) சில சமயம் வருஷம் கழிந்த பிறகு, சென்ற வருஷத்துக்கும் சேர்த்துச் சலுகையைப் புதுப்பித்ததுண்டு. சன்னல் வைத்து முடித்தவனுக்குப் பிறகு வரும் சலுகை, சன்னல் வைக்க அவனை எப்படித் தூண்டும்? கஜானாவுக்குச் செலவுதானே ஒழிய, குளிர் ஒரு டிகிரியும் குறையாது.

2022 ஆகஸ்டில் வந்த சட்டம் இக்குறையை உணர்ந்து செய்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயுள் வரம்பை எடுத்து வருஷ வரம்பு வைத்தார்கள்: 1,200 டாலர். சன்னல்களுக்கு 600, ஒரு கதவுக்கு 250, வீட்டைச் சோதித்துக் கசிவு கண்டு சொல்பவருக்குக் கொடுக்கும் கூலியில் 150 என்று உட்பிரிவுகள். ஹீட் பம்ப் என்ற இயந்திரத்துக்குத் தனியே 2,000 டாலர். நம் குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது போல, இது வெளிக்காற்றில் இருக்கும் சொற்பச் சூட்டையும் இழுத்து வீட்டுக்குள் தருகிறது. சூட்டைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், செலவிட்ட மின்சாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கும். சலுகை 2032 முடிய நிற்கும் என்றும் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆகவே குடும்பங்கள் இவ்வருஷம் பரண், மறுவருஷம் சன்னல், அதற்கடுத்து ஹீட் பம்ப் என்று, கைக்கு ஏற்றபடி வேலையைப் பங்கிட்டுக் கொள்ள முடிந்தது. 2023-ஆம் வருஷக் கணக்கில் மட்டும் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இச்சலுகையைப் பெற்றன.

சலுகை இல்லாவிட்டாலும் இவர்களிற் பலர் வேலையைச் செய்திருப்பார்கள், பொதுப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வசதியுள்ளவர் விஷயத்தில் அந்த ஆட்சேபணையை நாம் தள்ள மாட்டோம். ஆனால் கைக்கும் வாய்க்குமாகக் காலங் கழித்து, மூன்று வருஷத் திட்டம் போட்டு முதல் வருஷ வேலையை முடித்திருந்த குடும்பத்துக்கு அது பதிலாகாது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான புதுச் சட்டம், 2032 வரை என்று சொன்னதை 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தி விட்டது. கொடுத்த அவகாசம் ஆறு மாதத்துக்கும் குறைவு.

கணக்குப் பார்ப்பதும் பணம் கொடுத்த தேதியை வைத்தல்ல, வேலை முடிந்த தேதியை வைத்துத்தான். டிசம்பரிலேயே முழுத் தொகையையும் செலுத்தி, தச்சர் வந்து சன்னலைப் பொருத்தியது 2026 ஜனவரி 2-ஆம் தேதி என்றால், வரிப் படிவத்தில் அந்தச் சன்னலை எழுதுவதற்கு இடமில்லை.