மூளைக்குப் பிராணவாயு நண்பனா, பகைவனா?

கடலை எண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் நெடுநாள் வைத்திருந்தால் சிக்கு வாடை வீசும். மானாம்பதியானாலும் சென்னையானாலும் இதை அறியாத சமையற்கட்டு இராது. காற்றிலுள்ள பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், எண்ணெயின் கொழுப்பைத் தாக்கிச் சிதைப்பதே இதற்குக் காரணம். இதே வினை நம் மூளைக்குள்ளும் நிகழ்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 தான். ஆயினும் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. மூளைச் செல்களிலுள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள், அந்த ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. அப்போது அதில் ஒரு சிறு பகுதி, ஜோடியற்ற எலெக்ட்ரான் கொண்ட துணுக்குகளாக மாறிவிடுகிறது. இவற்றைத் 'தனி உறுப்புகள்' என்கிறது வேதியியல். இவை அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். மூளைச் செல்களின் சவ்வுகளிலோ இவ்வாறு எளிதில் சிதையும் கொழுப்பு மிகுதி.

இதற்குக் காவலும் உண்டு. இத்துணுக்குகளை அடக்கும் ஓர் என்ஸைமை 1969-ல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். வயது ஏற ஏறக் காவல் தளர்கிறது, சிதைவு மிகுகிறது. இதுவே 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி'. அல்ஸைமர் என்னும் முதுமை மறதி நோயால் இறந்தவர்களின் மூளைகளில் இச்சிதைவின் தடயங்கள் காணப்பட்டுள்ளன.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரை போதுமே என்று நீங்கள் கேட்கலாம். லேசான மறதியுடைய 769 பேரைக் கொண்டு மூன்றாண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2005-ல் வெளியாயிற்று. வைட்டமின் ஈ நோயைத் தடுக்கவில்லை. 2014-ல் வெளியான மற்றொரு சோதனையில், நோயாளிகளின் அன்றாடச் செயல்திறன் சற்று மெதுவாகக் குறைந்தது, நினைவாற்றல் மேம்படவில்லை. சிதைவு நோயின் ஒரு பகுதியே தவிர, முழுக் காரணமன்று என்பதையே இவை உணர்த்துகின்றன.

மறதி நோய் நகரத்தாருக்கு மட்டும் வருவதன்று. திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் 60 வயது கடந்தோரிடையே நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 3.5 பேரிடம் இதைக் கண்டது. 2023-ல் வெளியான நாடளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் இவ்வயதினரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உள்ளது.

உங்கள் வீட்டுப் பாட்டி சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டால், பழகிய தெருவில் வழி தவறினால், "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு குறைவும் இத்தகைய மறதியை உண்டாக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைபிடித்தல், காது கேளாமை ஆகியவற்றைக் கவனித்தால் மறதி நோய் வரும் வாய்ப்பும் குறையும். கடையில் தாமாக மாத்திரை வாங்குவதை விட்டு, முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.