டி.வி.யும் ஒரு கம்ப்யூட்டர் திரைதான்!



நம்ம நீலகிரியில் எஸ்டேட் லயன் வீடானாலும் சரி, டவுன் வீடானாலும் சரி, ஒரு டி.வி. இருக்கும். 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. அதனால் அண்ணனோ அக்காவோ வாங்கிய லேப்டாப்பும் பல வீடுகளில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, டி.வி.யை இரண்டாவது திரையாக்க முடியும். அதற்காகத் தனி மானிட்டர் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது திரை எதற்கு?

எங்கள் அக்கா குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பாடப்புத்தகத்தை டி.வி.யில் திறந்து வைத்துக்கொண்டு, குறிப்பை லேப்டாப்பில் டைப் செய்கிறாள். ஒரே திரையில் மாற்றி மாற்றித் திறந்து மூடும் வேலை இல்லை. அதே நேரம் நானும் தம்பியும் பின்னால் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பார்க்கலாம்.

இன்னொரு பயனும் உண்டு. பல வீடுகளில் லேப்டாப் ஸ்கிரீன் உடைந்து பீரோ மேல் கிடக்கும். புது ஸ்கிரீன் போட ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கொழுந்து பறித்து நாள் கூலி வாங்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் திரை போனால் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று அர்த்தமில்லை. டி.வி.யில் இணைத்துப் பார்த்தால், உள்ளே எல்லாம் நல்லா இருக்குதா என்று தெரிந்துவிடும். எடைக்குப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் டி.வி.யின் பின்பக்கம் பாருங்கள்

1. எச்.டி.எம்.ஐ.: தட்டையான துளை. எல்.இ.டி. டி.வி.க்களில் இருக்கும். ஒரே ஒயரில் படமும் சத்தமும் போகும். இது இருந்தால் கவலையே இல்லை.

2. வி.ஜி.ஏ.: 15 ஊசித் துளைகள் உள்ளது. 1987-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்தது. இதில் படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்குத் தனி ஒயர் போட வேண்டும்.

3. ஏ.வி.: மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டத் துளைகள். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் சத்தம். பழைய குண்டு டி.வி.க்களில் இதுதான் இருக்கும்.

மூன்றாவது வகை என்றால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். கடையில் "எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி." என்று தெளிவாகக் கேளுங்கள். "ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ." என்று இன்னொன்று உண்டு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேலை நேர் எதிர். ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் மூன்று கலர் முனை உள்ள வெறும் ஒயரை வாங்காதீர்கள், அது படத்தை மாற்றித் தராது. பெட்டியில் பால், என்.டி.எஸ்.சி. என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பால் பக்கம் தள்ளுங்கள். நம் நாட்டு டி.வி. முறை அதுதான்.

இணைப்பது எப்படி?

ஒயரைச் செருகி, டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி, செருகிய துளையைத் தேர்வு செய்யுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு வழிகள் தெரியும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் டி.வி. தனித் திரை ஆகும். மவுஸைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது டி.வி.க்குள் போய்விடும்! மற்ற இரண்டும், ஏதாவது ஒரு திரையில் மட்டும் படம் தெரிவதற்கு.

இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டிலும் வேலை செய்யும்.

எழுத்து ஏன் மங்கலாகத் தெரியுது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டி.வி. கெட்டுப்போகவில்லை, கணக்குதான் காரணம். திரையில் தெரிவது எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். 14 அங்குல லேப்டாப்பில் குறுக்கே 1366 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் சுமார் 31 செ.மீ. ஒரு புள்ளி ஏறக்குறைய 0.23 மி.மீ. வரும். சாதாரண 32 அங்குல டி.வி.யிலும் அதே 1366 புள்ளிகள்தான், ஆனால் அகலம் சுமார் 71 செ.மீ. ஒரு புள்ளி 0.52 மி.மீ. ஆகிவிடுகிறது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் பெரிசு! கிட்டப் போனால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் தெளிவாக இருக்கும். கண்ணுக்கும் நல்லது.

குண்டு டி.வி.யில் நிலைமை இன்னும் மோசம். பால் முறையில் படம் 576 கோடுகளாகத்தான் தெரியும். அதுவும் பாதிப் பாதியாக மாறி மாறி வரும். அதனால் மெல்லிய கோடுகள் துடிக்கும், சின்ன எழுத்துகள் கரைந்துபோகும். வீடியோ பாடம், பெரிய எழுத்து, படங்கள் என்றால் பரவாயில்லை. அதில் மணிக்கணக்காகப் படிக்க வேண்டாம்.

டி.வி.யில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால், பிக்சர் அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதை வையுங்கள். மவுஸ் தாமதமாக நகர்ந்தால் 'கேம் மோட்' அல்லது 'பி.சி. மோட்' வைத்துப் பாருங்கள்.

மறக்கக் கூடாதவை

நம்ம மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும், ஐப்பசி மழையிலும் இடி அதிகம். கூரை மேல் டிஷ், அதிலிருந்து டி.வி., டி.வி.யிலிருந்து லேப்டாப். எல்லாம் ஒரே ஒயர்த் தொடர்! இடி மழை வரும்போல் தெரிந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக், டிஷ் ஒயர், எச்.டி.எம்.ஐ. எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றுங்கள். இடி சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் எதையும் தொடாமல் தள்ளி நில்லுங்கள்.

குண்டு டி.வி.யின் பின்மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் இருக்கும். கரண்ட்டை நிறுத்திய பிறகும் அது தங்கியிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

டி.வி.யைக் கம்ப்யூட்டர் திரையாக்குவது புதிய யோசனை அல்ல! 1982-ல் இங்கிலாந்தில் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்குச் சொந்தத் திரையே கிடையாது. வீட்டு டி.வி.யில்தான் இணைப்பார்கள். ஒரு வரிக்கு 32 எழுத்துதான் தெரியும். 1984-ல் இந்தியப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காகக் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியபோது கொடுத்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரிலும் டி.வி.யில் இணைக்கத் துளை இருந்தது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்க டி.வி.யின் பின்பக்கத்தில் என்ன துளை இருக்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். எந்த ஒயர் வேண்டும் என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.