செத்த கெர்னலும் 256 எம்பி மெமரியும்

லினக்ஸ் சர்வர் ஒன்று பேனிக் ஆகிறது. ஏன் விழுந்தது என்பதற்கு அந்த நொடியில் மெமரியில் இருந்ததுதான் தடயம். ரீபூட் பண்ணினால் அதுவும் போச்சு. இதைக் காப்பாற்றத்தான் கேடம்ப், 2005-ல் 2.6.13 கெர்னலோடு வந்தது.

விஷயம் கொஞ்சம் விநோதமானது. பூட் ஆகும்போதே ஒரு துண்டு மெமரியை, 256 எம்பி என்று வைத்துக்கொள்வோம், தனியா ஒதுக்கிவிடுவார்கள். அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று தயாரா உட்கார்ந்திருக்கும். முதலாவது விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாமல் இது எழுந்து, செத்தவரின் மெமரியை ஒரு ஃபைல் மாதிரி படித்து டிஸ்கில் எழுதும்.

மெஷினில் 1 டிபி ராம் இருக்கலாம். ஆனாலும் இதற்கு அந்தத் துண்டு மட்டும்தான். மிச்சத்தில் கை வைத்தால் தடயம் அழியும். அது மட்டுமில்லை, பேனிக் ஆனபோது டிவைஸ்களை யாரும் முறையா நிறுத்தவில்லை. கன்ட்ரோலர்கள் பழைய முகவரிகளில் இன்னும் டிஎம்ஏ எழுதிக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் டிஸ்க் டிரைவர்களுக்குச் சிக்கல். சாதாரண நாளில் இவை மெமரியைத் தாராளமா பிடித்துவைக்கும் ஜாதி. அதற்கு நியாயமும் உண்டு. மெமரி தீரும்போது கெர்னல் சில பக்கங்களை டிஸ்குக்கு எழுதித்தான் இடம் பண்ணும். அப்படி எழுதவே புதுசா மெமரி வேணும்னு டிரைவர் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது.

என்விஎம்இ-ஐ எடுத்துக்கொள்ளுங்க. ஒரு கட்டளைக்கு 64 பைட், அதன் பதிலுக்கு 16 பைட். ஒரு க்யூவின் ஆழம் 1024 என்றால் 80 கேபி. சிபியு-வுக்கு ஒரு க்யூ வீதம் 128 சிபியு, 24 டிரைவ் என்று பெருக்கிப் பாருங்க: 240 எம்பி. 256-ல் மிச்சம் 16. மற்ற ஸ்ட்ரக்சர்களை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை! டம்ப் எழுத வந்த கெர்னல் தானே மெமரி இல்லாமல் செத்துப்போகும்.

முதல் வைத்தியம் சுலபம்: இரண்டாவது கெர்னலை ஒரே ஒரு சிபியு-வோடு பூட் பண்ணுவது. சிபியு-வைப் பார்த்து க்யூ போடுகிற டிரைவர் தானாகவே இளைத்துவிடும். அடுத்தது, 'நாம கேடம்ப் கெர்னலா?' என்று கேட்கவே கெர்னலுக்குள் ஒரு ஃபங்க்ஷன் இருக்கிறது. பிளாக் லேயர் அதைக் கேட்டு, ஆமாம் என்றால், க்யூ ஆழத்தை 64-க்கு மேல் போக விடாது. மெகாரெய்ட் டிரைவர் இந்த நிலையில் கட்டளைகளை 100-க்குள் நிறுத்திக்கொள்கிறது, எம்பிடி3சாஸ் 200 வரை போகும். ஏன் ஒன்றுக்கு 100, இன்னொன்றுக்கு 200? சூத்திரம் எதுவும் இருக்கிற மாதிரி தெரியவில்லை, அனுபவத்தில் வைத்த எண்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எழுதப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு ப்ராசஸ், அதுவும் வரிசையா. அதற்கு ஆயிரக்கணக்கில் க்யூ எதற்கு?

இளைத்தால் மட்டும் போதாது. கன்ட்ரோலர் இன்னும் பழைய கெர்னலின் நினைப்பிலேயே இருக்கும். அதனால்தான் டிவைஸை முதலில் ரீசெட் பண்ணிவிட்டுத் தொடங்கு என்று டிரைவர்களுக்குச் சொல்ல தனியா ஒரு பூட் பாராமீட்டர் இருக்கிறது.

டம்ப் விழவில்லை என்றால் பலரும் செய்வது ஒதுக்கீட்டைக் கூட்டுவது. எனக்கு அது அவ்வளவா பிடிக்காது. 512 எம்பி ஒதுக்கினால், பேனிக் ஆகும் நாள்வரை அது சும்மாதான் கிடக்கும். 1000 சர்வருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 500 ஜிபி.

கேடம்ப் வேலை செய்யுதான்னு சிஸ்ரெக் வழியா வேண்டுமென்றே ஒருமுறை பேனிக் ஆக்கிப் பார்க்கலாம். ஆனா அதை விர்ச்சுவல் மெஷினில் பார்த்துத் திருப்திப்பட்டுக்காதீங்க. அங்கே இருப்பது ஒன்றிரண்டு சின்ன டிஸ்க். 24 டிரைவும் மாட்டிய நிஜப் பெட்டியில் பாருங்க.