நாவே சாட்சி சொன்ன கதை

துப்பறியும் கதை என்றதும் நம் மனத்திலே எழும் வினா ஒன்றுதான்: கொலை செய்தவன் யார்? அதற்குரிய விடை கடைசிப் பக்கத்திலே காத்திருக்கின்றது என்ற நம்பிக்கையில், விளக்கை அணைக்க மனமில்லாது நள்ளிரவு வரை வாசித்துக்கொண்டே போகின்றோம். வீட்டில் ஒருவர் முந்தி வாசித்து முடித்துவிட்டால், அவர் வாய் தவறி முடிவைச் சொல்லிவிடுவாரோ என்று மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வதும் உண்டு. ஆனால், கொலை செய்தவன் யார், அவன் அதை எவ்வாறு செய்தான் என்பவற்றைத் தொடக்கத்திலேயே நம் கண்முன் காட்டிவிட்டு, அதன் பின்னும் ஒன்றரை மணி நேரம் நம்மை இருந்த இடத்தைவிட்டு எழவொட்டாது கட்டிப்போடும் கதை ஒன்று உண்டென்றால், அது வியப்பன்றோ?

அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 'கொலம்போ' என்ற பெயருடன் வந்த தொடர் அத்தகையது. பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நமது துறைமுக நகரின் நினைவு வருதல் இயல்பே. ஆங்கில எழுத்துக்கூட்டிலே ஓர் எழுத்து மாத்திரம் வேறுபடும். மற்றப்படி இரண்டுக்கும் உறவில்லை. இவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் படையிலே கொலை விசாரணைப் பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இரு நண்பர்கள் சேர்ந்து படைத்த இப்பாத்திரத்தை, 1968ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பீற்றர் போல்க் என்னும் நடிகர் ஏற்றார். 1971இல் அது தொடராக மலர்ந்தது. தொடரின் முதற் கதையை நெறிப்படுத்தியவர், அப்போது இருபத்து நான்கு வயதே நிரம்பிய ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். 1978 வரையும், பின்னர் 1989 முதல் 2003 வரையும் வெளிவந்த கதைகள் மொத்தம் 69.

அந்த அறுபத்தொன்பதிலே எமது உள்ளத்தைக் கொள்ளைகொண்டது எது என்று கேட்டால், சிறிதும் தயங்காது ஒன்றைச் சுட்டுவோம். அது 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி ஒளிபரப்பான 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்ரோர்ம்' என்னும் கதை. அன்று நம் நாட்டிலே தொலைக்காட்சியே இல்லை. 1979இலேதான் அது இங்கு வந்தது. ஆகவே அமெரிக்கர் அன்றே கண்டதை நாம் பல்லாண்டு கழித்தே காண நேர்ந்தது. எனினும் சுவை குன்றவில்லை. கதையிலே வரும் மதுவைப் போல, வயது ஏற ஏறச் சுவையும் ஏறியே நிற்கின்றது.

தலைப்பிலேயே ஒரு சிலேடை உண்டு. புயலிலே அகப்பட்ட கப்பலுக்கு எந்தத் துறைமுகமும் நல்ல துறைமுகமே என்பது ஆங்கிலப் பழமொழி. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்ற சொல்லே, போர்த்துக்கல் நாட்டிலே பிறந்த ஒருவகை இனிப்பு மதுவுக்கும் பெயர். கதையின் முடிச்சும் அந்த மதுவிலேதான் இருக்கின்றது. கடைசித் திருப்பத்தைத் தாமே கண்டு அனுபவிக்க விரும்பும் நேயர்கள் இவ்விடத்தில் நின்றுவிடலாம். மற்றையோர் எம்மோடு வருக.

அண்ணனும் தம்பியும்

கலிபோர்னியாவிலே முந்திரிகைத் தோட்டமும், அதன் பழத்திலிருந்து வைன் வடிக்கும் சாலையும் நடத்துபவர் அட்ரியன் கார்சினி. மணம் முடிக்காதவர், நண்பர் சிலரே உடையவர். உயர்ந்த வைனைச் செய்வதும், அரிய போத்தல்களைத் தேடிச் சேர்ப்பதுமே அவருடைய வாழ்க்கை. இலாபத்தைப் பற்றி அவர் எண்ணுவதில்லை. ஆனால் உழைப்பு அவருடையதாயினும், சட்டப்படி உரிமை தம்பி ரிக்கின் கையிலே இருக்கின்றது. தம்பி வேறு தாய் வயிற்றுப் பிள்ளை. விளையாட்டிலும் வேகமான கார்களிலும் நாட்டமுள்ளவன். விரைவிலே மணம் முடிக்க இருப்பவன். ஒருநாள் அவன் வந்து, மலிவான மது செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குத் தோட்டத்தை விற்கப்போவதாகச் சொல்கின்றான்.

தந்தையார் விட்டுச் சென்ற காணியின் பொருட்டு உடன்பிறந்தார் கோடேறுவதை நாம் கண்டிருக்கின்றோம். உறுதியிலே ஒருவர் பெயர், மண்ணிலே இன்னொருவர் வியர்வை என்றால், அங்கே நீதி எந்தப் பக்கம் என்று சொல்லுதல் எளிதன்று. ஆதலினாலேயே அட்ரியனின் துயரம் நமக்கு விளங்குகின்றது. ஆனால் அடுத்த கணத்திலே அவர் செய்வதை நம்மால் மன்னிக்க முடியவில்லை. வெகுளி மேலிட்டு, கைக்கெட்டிய பொருளால் தம்பியின் தலையில் ஓங்கி அடிக்கின்றார். தம்பி இறக்கவில்லை, மயங்கிக் கிடக்கின்றான். அவ்வேளை ஒரு வைத்தியரை அழைத்திருந்தால் எல்லாம் நேர்பட்டிருக்கும். அட்ரியன் அழைக்கவில்லை. தம்பியைக் கட்டி, தமது அரிய போத்தல்கள் நிறைந்த நிலவறையிலே இட்டு, காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தும் இயந்திரத்தை நிறுத்தி, கதவை அடைத்துவிட்டு, நியூ யோர்க் நகரிலே நடக்கும் வைன் ஏலத்துக்குப் புறப்பட்டுவிடுகின்றார். திரும்பி வந்தபின், மூச்சுத்திணறி இறந்து கிடந்த தம்பிக்குக் கடலில் மூழ்குவோர் அணியும் உடையை அணிவித்துக் கடலிலே தள்ளுகின்றார். தலையிலே காயம், மூச்சு முட்டிய மரணம். மூழ்கும்போது நேர்ந்த விபத்து என்று உலகம் நம்பும் அல்லவா?

கசங்கிய மேலங்கி

நம்பாதவர் ஒருவர் வருகின்றார். கசங்கிய மழையங்கி, கையிலே பாதி எரிந்த சுருட்டு, பிரான்சிலே செய்த பழைய பேஜோ கார், எந்நேரமும் வாயில் மனைவியின் பேச்சு. அந்த மனைவியையோ தொடரிலே நாம் ஒருநாளும் காண்பதில்லை. பீற்றர் போல்க் மூன்று வயதிலே நோயினால் வலது கண்ணை இழந்து, செயற்கைக் கண் பொருத்தியவர். அந்தக் குறையினால் ஏற்பட்ட சாய்ந்த பார்வைகூட இப்பாத்திரத்துக்கு அணியாகவே அமைந்துவிட்டது. விடைபெற்று வாசல்வரை போய், ஏதோ மறந்தவர்போல நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி, இன்னும் ஒரேயொரு கேள்வி என்று அவர் தொடங்கும்போது, குற்றவாளியின் நெஞ்சு மாத்திரமன்றி நமது நெஞ்சும் அடித்துக்கொள்ளும்.

காணாமற்போனவர்களைத் தேடுவது அவருடைய பிரிவின் வேலையன்று. எனினும் மணமகனைக் காணாது பொலிஸ் நிலையத்துக்கு வந்த அந்த இளம் பெண்ணின் கவலையை அவர் காதுகொடுத்துக் கேட்கின்றார். பின்னர் சிறு சிறு ஐயங்கள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. கடற்கரையிலே பல நாள் திறந்தபடி நின்றதாகச் சொல்லப்படும் கார், இடையிலே மழை பெய்திருந்தும் மாசு மறுவின்றி இருப்பது எவ்வாறு? மணக்கோலம் காண இருந்த செல்வ இளைஞன், இறக்குமுன் இரண்டு நாள் உணவின்றி இருந்தது ஏன்?

ஐயம் வேறு, சான்று வேறு. சான்று தேடுவதற்குக் கொலம்போ கையாளும் வழிதான் இக்கதையின் அழகு. அவர் வைனைப் பற்றிக் கற்கத் தொடங்குகின்றார்! வியாபாரியிடம் போய்க் கேட்கின்றார். குற்றவாளியிடமே பாடம் கேட்கின்றார். நிறம் காண்பது எப்படி, மணம் நுகர்வது எப்படி, நாவிலே நிறுத்திச் சுவைப்பது எப்படி என்று மாணவன்போல நின்று பயில்கின்றார். அட்ரியனும், இவர் தம்மைப் பிடிக்க வந்தவர் என்பதை அறிந்தும், கற்பிப்பதில் வரும் இன்பத்தை மறைக்க மாட்டாதவராய்க் கற்பிக்கின்றார். ஆசானும் மாணவனும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குகின்றனர். பொலிஸுக்கும் கொலைகாரனுக்கும் இடையே இப்படியோர் உறவு அரும்புவதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு மிடறு

விசாரணை முடிந்ததென்று சொல்லி, அட்ரியனையும் அவருடைய காரியதரிசி கரனையும் கொலம்போ ஓர் உயர்ந்த உணவுச்சாலைக்கு விருந்துக்கு அழைக்கின்றார். உணவுக்கேற்ற வைனை அவர் தேர்ந்தெடுக்கும் நேர்த்தியைக் கண்டு அட்ரியன் மனம் மகிழ்கின்றார். இறுதியிலே 1945ஆம் ஆண்டின் அரிய போர்ட் மது வருகின்றது. அட்ரியன் ஒரு மிடறு பருகுகின்றார். மறுகணம் அவருடைய முகம் மாறுகின்றது. சபை நாகரிகம் பறந்துவிட, பரிசாரகர்மீது சீறி விழுகின்றார்: இம்மது கடும் வெப்பத்திலே கிடந்து கெட்டுவிட்டது, இதனை மனிதர் பருகுவரோ என்று!

அந்தப் போத்தல் உணவுச்சாலையுடையதன்று. அட்ரியனுடைய நிலவறையிலிருந்தே கொலம்போ இரகசியமாக எடுத்து வந்தது! தம்பி மூச்சுமுட்டி இறக்கட்டும் என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் நியூ யோர்க்கிலே இருந்த வேளை, கலிபோர்னியாவில் வெயில் நூறு பாகை பரன்ஹைட்டையும் தாண்டி எரித்தது. அடைபட்ட அறையிலே அவருடைய செல்வம் அனைத்தும் வெந்து கெட்டது. உயர்ந்த வைன் ஏறக்குறைய 55 பாகைக் குளிரிலே அமைதியாகக் கிடந்து முதிர வேண்டியது. வெப்பம் அதற்கு நஞ்சு. இயந்திரம் நின்றது என்பதற்கு வேறு சாட்சி யாரும் இல்லை. கொலம்போ சுவைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திராது. நீங்களும் நாமும் சுவைத்திருந்தாலும் தெரிந்திராது. அந்தக் குறையைத் தயக்கமின்றி அறியவல்ல நா ஒன்றுதான். அது கொலைகாரனுடைய நா!

வெளியே அடித்த வெயிலைவிட நிலவறை அத்தனை சூடேறுமோ என்று விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் வினவலாம், வினவுதல் நன்றே. ஆயினும் கதையின் உயிர் வெப்பமானியிலே இல்லை. எதனைக் காப்பதற்காகத் தம்பியைக் கொன்றாரோ, அதனையே அக்கொலையால் தாமும் அழித்துவிட்டார் அட்ரியன். பொய் சொல்ல அவருக்குத் தெரியும். பொலிஸாரிடம் சொன்னார், தம்பியின் மணமகளிடமும் சொன்னார். ஆனால் தாம் உயிராய் நேசித்த ஒன்றைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடியவில்லை. கெட்ட மதுவை நல்லது என்று புன்னகையோடு பருகியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அவருடைய நேர்மையான பகுதி எதுவோ அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது. இந்த இடத்திலே கைதட்டவா, கண்ணீர் விடவா என்று தெரியாமல் நாம் திகைத்துப்போகின்றோம்.

விடைபெறும் வேளை

அட்ரியனாக நடித்தவர் ஆங்கில நடிகர் டொனால்ட் பிளெசன்ஸ். 1967இல் ஜேம்ஸ் பொண்ட் படத்திலே கொடியவன் புளோபெல்ட்டாக வந்து அச்சுறுத்தியவரும் இவரே. இங்கோ, தம் போத்தல்களைக் கையிலே எடுக்கும்போது குழந்தையைத் தூக்கும் தாயின் கனிவு அந்த முகத்திலே தோன்றுகின்றது. கரனாக வரும் ஜூலி ஹரிஸ் நாடக மேடையிலே பெரும்புகழ் பெற்றவர். உண்மையை ஊகித்தறிந்து, முதலாளியைக் காப்பதற்காகப் பொலிஸாரிடம் பொய் சொல்லி, பின்னர் அதற்கு விலையாகத் திருமணத்தைக் கேட்கும் அந்தப் பெண்மணியின் மெல்லிய குரல், தூக்குக்கயிற்றைவிடக் கொடியதாக ஒலிக்கின்றது.

கெட்டுப்போன போத்தல்களை அட்ரியன் ஒவ்வொன்றாகக் கடலிலே வீசி எறியும் வேளை, கொலம்போ வந்து நிற்கின்றார். கூச்சல் இல்லை, துப்பாக்கி இல்லை. கரனின் பிடியிலும் பார்க்கச் சிறை சுதந்திரமானது என்று எண்ணிய அட்ரியன், ஆறுதலோடு குற்றத்தை ஒப்புக்கொள்கின்றார். அழைத்துச் செல்லும் வழியிலே, தோட்டத்தின் வாசலில் கொலம்போ காரை நிறுத்துகின்றார். ஒரு போத்தலையும் இரண்டு கிண்ணங்களையும் எடுக்கின்றார். அவர் தேர்ந்தெடுத்திருந்தது, விருந்தின் முடிவிலே பருகும் இனிய வைன். விடைபெறும் வேளைக்கு அதனிலும் பொருத்தமானது வேறில்லை. மாணவன் நன்றாகவே கற்றிருக்கின்றான் என்று ஆசான் பாராட்ட, மாணவன் உண்மையாகவே மனம் நெகிழ்கின்றான்.

மதுவைப் புகழ இதனை எழுதினோமல்லோம். நாம் புகழ்வது, எளிய தோற்றமுள்ள ஒரு மனிதர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஏற்று, எவரிடமும் பணிந்து கற்று, அக்கல்வியாலேயே உண்மையை வெளிக்கொணர்ந்த திறத்தை. குற்றத்தை வெறுத்தபடியே, குற்றவாளியிடமுள்ள நற்குணத்துக்கு மதிப்பளித்த பண்பையும் புகழ்கின்றோம். பீற்றர் போல்க் 2011ஆம் ஆண்டு மறைந்துவிட்டார். இப்பாத்திரத்துக்காக அவர் பெற்ற எம்மி விருதுகள் நான்கு. எனினும், அந்த வாசலிலே இரு கிண்ணங்களோடு அவர் அமர்ந்திருக்கும் காட்சி, விருதுகள் எல்லாவற்றிலும் உயர்ந்ததாக எமக்குத் தோன்றுகின்றது.

வாய்ப்புக் கிடைத்தால், பிள்ளைகளோடு கூடியிருந்து இக்கதையைக் காணுங்கள். முடிவைத்தான் சொல்லிவிட்டீர்களே என்று குறைப்பட வேண்டாம். கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்தும் நாம் இதனைப் பலமுறை கண்டோம். ஒவ்வொரு முறையும், அந்த ஒரு மிடறு அவருடைய நாவைத் தொடுமுன், வேண்டாம், பேசாதீர் என்று அவருக்குச் சொல்லவே எமது மனம் துடித்தது. தம்பியைக் கொன்றவருக்காக அவ்வாறு துடிக்கலாமா என்ற கேள்வியைத்தான் இக்கதை நம் வீட்டிலே விட்டுச் செல்கின்றது. அதற்கு விடையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பேசிக் காணுங்கள்.