சிற்றலை இடம் மாறினால் திருகைத் தொடாதீர்கள்

விருத்தாசலத்துச் சூளைகளில் சுட்ட வெள்ளைப் பியூஸ் கேரியரைப் பழைய வீடுகளின் மீட்டர் பலகையில் இன்றும் பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது அருமையான காப்பு. அதே பீங்கானைப் பழைய வால்வு ரேடியோவில் திருகி மதிப்பை மாற்றும் குட்டிக் கண்டன்சரான ட்ரிம்மரில் வைத்தால் சிற்றலை மங்கிவிடும். காரணம், களிமண்ணோடு சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள். நொடிக்கு ஒரு கோடி முறைக்கு மேல் திசைமாறும் மின்புலத்தில் அவை அலைக்கழிந்து, அலையின் ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கும். அதனால்தான் ரேடியோ தயாரித்தவர்கள் ஸ்டீயடைட்டுக்கு மாறினார்கள். நம் கல்சட்டியைக் குடையும் மாக்கல் இனத்தை அரைத்துச் சுட்ட பீங்கான் அது.

ஒரு கண்டன்சரில் இவ்வளவு கவனம் எதற்கு? மர்பி, பிலிப்ஸ் செட் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறையில் விடை இருக்கிறது: “மீடியம் வேவ் நல்லா எடுக்குது, ஷார்ட் வேவ்ல ஸ்டேஷன் இடம் மாறிப்போச்சு.” 1918-ல் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட் முறையில், செட்டுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் நிலைய அலைவரிசைக்கு 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓட வேண்டும். அதன் கண்டன்சரின் மதிப்பு ஒரு சதவீதம் கூடினால் ஆசிலேட்டரின் அலைவரிசை அரை சதவீதம் குறையும். திருச்சி வானொலியின் 936-ல் அது ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ். முள்ளைத் தொட்டாலே சரியாகிவிடும். சிற்றலையின் 11,900-ல் அதுவே 62. நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக நிற்கும் பட்டையில் பன்னிரண்டு இடம் தள்ளிப்போகிறது.

இங்கேதான் பலரும் திருப்புளியை எடுத்து, கண்ணில் பட்ட திருகையெல்லாம் முறுக்குகிறார்கள். நல்ல செட்டுகள் பல பாழாவது வயதால் அல்ல, இந்த அவசரத்தால்தான். முதலில் செட்டைப் போட்டு அரை மணி நேரம் கேளுங்கள். நிலையம் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் குற்றவாளி சூட்டில் மதிப்பு மாறும் ஒரு கண்டன்சர். கசியும் காகிதக் கண்டன்சர்களை மாற்றாமல் அலைன்மெண்ட், அதாவது திருகுகளைச் சரிப்படுத்துவது, வீண் வேலை. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டின் சேசிஸில் ஷாக் அடிக்கும். அனுபவமில்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

அதன்பிறகு ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) காயில்களை 455-ல் உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தது ஆசிலேட்டர்: டயலின் கீழ்முனையைக் காயிலின் கோரில், மேல்முனையை ட்ரிம்மரில் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நழுவும். இரண்டும் நிற்கும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டியதுதான். ட்ரிம்மரில் வெள்ளி பூசிய அரைவட்டப் பீங்கான் தகடு இன்னொரு வெள்ளிப்பூச்சின்மேல் சுழல்கிறது. இரும்புத் திருப்புளி அருகே வந்தாலே மதிப்பு மாறும் என்பதால் பிளாஸ்டிக் குச்சியே நல்லது.

சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு காலத்தில் தெரிந்த நிலையங்களே அளவுகோல். பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றது. இப்போது அதற்குப் பதிலாகச் சீனாவின் பி.பி.எம். நிலையத்தின் நேரக்குறியை 5,000, 10,000, 15,000 கிலோஹெர்ட்ஸில் தேடலாம்.

ஒரு பொறி உண்டு. சிற்றலையில் ஆசிலேட்டர் ட்ரிம்மரின் இரண்டு நிலைகளில் ஒரே நிலையம் கேட்கக்கூடும். கண்டன்சர் மதிப்பு குறைவான நிலையே சரி. 11,900-ல் நிலையம் கிடைத்ததும் முள்ளை 455-இன் இருமடங்கான 910 கீழே, 10,990-க்கு நகர்த்துங்கள். அதே குரல் அங்கே மெலிதாக வந்தால் ஆசிலேட்டர் தன் இடத்தில் இருக்கிறது. 12,810-ல் வந்தால் தவறான பக்கத்தில் ஓடுகிறது.