நடுநிலை காணும் பக்குவம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழன்பர்கள் பலர், கடைத்தெரு நெரிசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துங்கால், நியூட்ரல் அகப்படாமல் திண்டாடுவதுண்டு. காரணம் எளியது. பெரும்பாலான வண்டிகளில் நியூட்ரல், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே, அரை மிதியில் அமைந்துள்ளது. சக்கரம் சுழலாது நின்றுவிடின், கியர்களின் பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும், பெடல் இணங்காது.

ஆகவே, வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே கிளட்சை முழுதும் பிடித்து, இரண்டாம் கியரிலிருந்து நுனிக்காலால் இலேசாக அழுத்துதல் நன்று. நின்ற பின்னராயின், வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்து முயல்க. அப்பொழுதும் இணங்காவிடில், கிளட்ச் கம்பி தளர்ந்திருக்கக் கூடும். அதனைச் சரிசெய்தல் வேண்டும். சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளிலோ, இதற்கெனவே குதிகாலால் அழுத்தும் தனி நெம்புகோல் ஒன்று இருந்தது. முதல் கியர் நீங்கலாக எக்கியரிலிருந்தும் ஒரே அழுத்தில் நியூட்ரலை அடையலாம்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. 1944-இல் திறக்கப்பெற்ற திருமலையின் பழைய மலைப்பாதை இன்று இறங்குவோர்க்கு உரியது. பெட்ரோல் மிச்சமாகும் எனக் கருதி அங்கு நியூட்ரலில் இறங்குதல் பெருந்தீங்காகும். எஞ்சின் தரும் தடை அற்றுப்போகவே, பிரேக் ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கி, சூடேறிப் பிடிப்பை இழக்கும். நியூட்ரல் நிற்பதற்கே உரியது, இறங்குவதற்கன்று.